கைதட்டினால் கொழுந்து வரும்

தேயிலைச் செடிக்கு முன்னால் நின்று கைதட்டினால் கொழுந்து சீக்கிரம் வரும் என்று நூலகர் குணாளன் சொன்னதும், வகுப்பு மொத்தமும் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

யாராவது சிரிப்பார்கள், யாராவது "கதை விடாதீங்க சார்" என்பார்கள் என்று நம்பித்தான் குணாளன் அந்தப் பொய்யை உட்கார்ந்து செதுக்கியிருந்தார். எழுதிக்கொள்வார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

முன்வரிசையில் இருந்த தனுஜா கையைப் பாதி தூக்கினாள். அவர் முகத்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தாள். கை இறங்கிவிட்டது.

"என்னம்மா? பயப்படாம கேளு."

"இல்ல சார்... எத்தன தடவ தட்டணும்?"

தனுஜாவின் அம்மா கொழுந்தெடுப்பவர். அப்பா தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் வேலை செய்பவர். வகுப்பில் பாதிப் பேர் அதே தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களிடம் போய் இந்தச் சரக்கு விலைபோகிறது என்றால் யாரைக் குறை சொல்வது?

"மூணு," என்றார் குணாளன் வேறு வழியில்லாமல்.

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ரிங்லெட் டவுனைத் தாண்டி, அணைக்கட்டு ஏரி தெரிகிற மேட்டில் இருந்தது அந்தக் கல்லூரி. சுற்றுலா, விடுதி நிர்வாகம், காய்கறி விவசாயம் என்று இந்த மலையில் எது விலை போகுமோ அதைச் சொல்லிக்கொடுக்கும் சின்னத் தனியார் கல்லூரி. ஈப்போவிலிருந்து வந்த குணாளன் அங்கே புத்தகம் கொடுத்து வாங்குவது போக, புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வகுப்பும் நடத்தினார். பெயர், 'தகவல் தேடலும் சரிபார்த்தலும்'. எந்தச் செய்தி வந்தாலும் ஐந்து கேள்வி கேள் என்பதுதான் பாடம். யார் சொன்னது, எப்போது சொன்னது, எதற்காகச் சொன்னது, ஆதாரம் எங்கே, வேறு யாராவது சொல்கிறார்களா.

பிள்ளைகள் ஐந்தையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கினார்கள். வாங்கிய கையோடு வெளியே போய், வெங்காயத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் கண்ணாடி போட வேண்டாம் என்ற செய்தியைச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பினார்கள்.

இந்த லட்சணத்தில்தான், கைதட்டல் பொய்க்கு முந்தின வாரம், கல்லூரி முதல்வர் சசிரேகா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ்டர் குணா, அந்தப் புதன்கிழமை வகுப்ப விடுதி டிப்பார்ட்மெண்ட் கேக்குறாங்க. மெத்த விரிக்கிற பயிற்சிக்கு. பிள்ளைங்களுக்கும் விஷயம் தெரியும்."

"அப்ப என் வகுப்பு, மேடம்?"

"உங்க வகுப்புல எப்படியும் தூங்குறாங்க. மெத்தய விரிச்சுட்டாவது தூங்கட்டுமே."

குணாளனுக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு மணி நேரம் போனால், அப்புறம் அவர் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவர் மட்டும்தான்.

"ஒரு செமஸ்டர் டைம் குடுங்க மேடம். நடத்துற விதத்தையே மாத்திக் காட்டுறேன்."

"ஒரு வாரம்."

"ரெண்டு மாசம்."

"ரெண்டு வாரம். திங்கக்கிழமையிலருந்து எண்ணிக்குங்க, அதுக்கு மேல இழுக்காதீங்க லா. ஒரே ஒரு பிள்ளையாவது ஒரு பொய்யப் பாத்து பொய்னு கண்டுபிடிக்கட்டும், வகுப்பு உங்களுக்கு. ஆனா நீங்களா எடுத்துக் குடுக்கக் கூடாது."

முட்டைக்கோஸ்காரனிடம்கூட சசிரேகா இவ்வளவு இறங்கி வந்ததில்லை. குணாளன் அந்த விலைக்கே முடித்துக்கொண்டார்.

எப்படி மாற்றுவது என்ற வழி சனிக்கிழமை சாயங்காலம் பிரிஞ்சாங் சந்தையில் கிடைத்தது. தனுஜா ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருந்தாள். மேல் வரிசையில் கொழுகொழுவென்று சிவப்பு, கீழே சூம்பல். அந்த மலையில் ஸ்ட்ராபெரி டப்பா அடுக்குவது அப்படித்தான். தனுஜா ஒவ்வொரு கடையிலும் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி, கவிழ்த்து, அடியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, வைத்துவிட்டு நடந்தாள். கடைசியில் அவளுடைய மாமா தங்கராஜுவின் கடை வந்தது. அங்கே மட்டும் பேசாமல் ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு, "வரேன் மாமா," என்று சிரித்துவிட்டு, ஒரு லோரிக்குப் பின்னால் போய் நின்று கவிழ்த்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

குணாளனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து யோசனையும் வந்தது. டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்க இவர்களுக்கு யாரும் ஐந்து கேள்வி சொல்லித்தரவில்லையே! அழுகல் சரக்கைக் கையில் கொடுத்தால் தானாகக் கவிழ்ப்பார்கள். ஆக, இனிமேல் பாடம் நடத்துவதில்லை. பொய்யை விற்பது.

விற்றார். கொஞ்சம் அதிகமாகவே நன்றாக விற்றுவிட்டார். ஈப்போவில் கோயில் திருவிழா நாடகங்களில் தருமராக நடித்த ஆள். "நேத்துதான் இத வாட்ஸ்அப்ல பாத்தேன், ராத்திரி முழுக்கத் தூக்கமே வரல. செடிக்கும் மனசு இருக்கு பாருங்க," என்று சொன்னபோது குரல் தழுதழுத்தது. கண்கூடக் கலங்கியது. அதன் பலன்தான் அந்த நோட்டு எழுதும் படலம்.

அன்று மாலை அதே செய்தியை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'வீட்டில் எல்லாரிடமும் கேட்டுப் பாருங்கள்' என்று ஒரு வரியும் சேர்த்தார். அதைவிட வெளிச்சமாக ஒரு மனிதன் எப்படித்தான் சாடை காட்டுவது?

அரைமணி நேரம் கழித்து வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன.

'நன்றி சார்.'

'அருமையான தகவல் சார்.'

தனுஜா மட்டும் கூடுதலாக எழுதியிருந்தாள்: 'சார், நேரத்தோட சாப்பிட்டுத் தூங்குங்க.'

மறுநாள் காலையிலேயே நூலகக் கணினிகளில் யாராவது எதையாவது தேடினார்களா என்று பார்த்தார். தேடல் வரலாறு, கழுவிக் கவிழ்த்த தட்டுப் போலச் சுத்தமாக இருந்தது. ஒருத்தர்கூடத் தேடவில்லை என்று குணாளன் முடிவு செய்தார்.

பொய் போதாது, இன்னும் கொஞ்சம் முட்டாள்தனம் வேண்டும் என்று தோன்றியது. 'இதைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர் தங்கையா, பனிமலைப் பல்கலைக்கழகம்' என்று சேர்த்தார். அப்படி ஒரு பல்கலைக்கழகம் எந்த மலையிலும் கிடையாது. கூடவே ஒரு படமும் போட்டார். அது கல்யாணத்துக்கு முந்தி எடுத்த அவருடைய சொந்தப் படம்தான். மீசையைப் பெரிதாக்கி, ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தார்.

கேண்டீனில் அன்று காலை இடைவேளையில் தனுஜாவும் இன்னொரு மாணவன் தனேஷும் அந்தப் படத்தை ஆளுக்கொரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணாளன் பூனைபோல் பின்னால் போய் நின்றார்.

"என்ன பாக்குறீங்க?"

தனேஷ் திடுக்கிட்டான். "சார்... இந்தப் பேராசிரியர்... உங்க சாடையா இருக்காரே சார்."

குணாளன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வந்துவிட்டான்! இன்னும் ஒரு படிதான்! "ஆமா! ஏன் அப்படி இருக்காரு? யோசி!"

தனேஷ் தனுஜாவைப் பார்த்தான். தனுஜா அவன் காலை மிதித்தது மேசைக்கு அடியில் நன்றாகவே கேட்டது.

"நல்ல முகம் சார்," என்றான் தனேஷ்.

அன்று மதியத்துக்குள், பேராசிரியர் தங்கையா குணாளன் சாரின் கூடப்பிறந்த அண்ணன் என்று கல்லூரி முழுவதும் செய்தி. அதற்கப்புறம் தங்கையாவைப் பற்றி யார் என்ன சந்தேகம் கேட்பார்கள்? கேண்டீன் நடத்தும் நவமணி, நாசி லெமாக் சோற்றோடு கேட்காமலே ஒரு அவித்த முட்டையை வைத்தார்.

"நான் முட்ட கேக்கலையே, நவமணி."

"இருக்கட்டும் சார். ஒடம்பு முக்கியம். அண்ணன் நல்லா இருக்காரா?"

குணாளன் முட்டையைப் பார்த்தார். முட்டைக்குப் பின்னால் நவமணியின் முகத்தில் என்னவோ ஓர் ஈரம் இருந்தது. அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலைதான் உண்மையான அதிர்ச்சி. குணாளன் குடியிருந்தது தோட்டத்துக்கு அந்தப் பக்கம். தினமும் தேயிலைக்கு நடுவில்தான் அவர் காடியை ஓட்டி வருவார். வளைவில் திரும்பியதும் பார்க்கிறார், கொழுந்து வெட்டும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஒரு வரிசை ஆட்கள் செடிகளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். டப், டப், டப். வங்காளதேசத்திலிருந்து வந்த இரண்டு பையன்களும் விழுந்து விழுந்து சிரித்தபடி கூடவே தட்டினார்கள்.

குணாளன் காடியை ஓரம் கட்டி இறங்கினார். வரிசையின் முனையில் நின்றது தனுஜாவின் அம்மா தனலெட்சுமி.

"யக்கா, என்ன செய்றீங்க?"

"நீங்க சொன்னதுதான் சார். பிள்ள வந்து சொல்லுச்சு."

பொய் என்று சொல்ல வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மெத்தைகள் ஞாபகம் வந்தன. வார்த்தை திரும்பிவிட்டது.

"சரி... பலன் தெரியுதா?"

தனலெட்சுமி ஒரு நொடி திகைத்தார். பிறகு பக்கத்துச் செடியைக் காட்டினார். அது எல்லாச் செடியையும் போலவே இருந்தது.

"தெரியாம என்ன சார்? இந்தா பாருங்க, எப்படி முழிச்சிப் பாக்குதுன்னு!"

"யக்கா, இத யாராவது கொஞ்சம் சரிபாக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"சார் சொன்னப்புறம் சரிபாக்கிறதா? நல்லா இருக்கே! நீங்க பசியாறினீங்களா சார்? முகமே வாடிக் கெடக்கு." அவர் பிளாஸ்க்கைத் திறந்து சூடான தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

காடி நகர்ந்ததும் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். யாரும் தட்டவில்லை. மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அப்பாடா, தான் கேட்ட கேள்வி வேலை செய்துவிட்டது என்று குணாளன் மகிழ்ந்துபோனார். திங்கட்கிழமை அதே வளைவில் திரும்பினார். டப், டப், டப்.

விஷயம் சசிரேகா காதுக்குப் போனது.

"மிஸ்டர் குணா, உங்க பொய் நல்லாத்தான் ஓடுது. பாடம்தான் நொண்டுது."

"இன்னும் ஒரு வாரம் இருக்கு மேடம்."

"மெத்த நாளைக்கே வருது. வைக்க இடமில்ல, உங்க லைப்ரரி வாசல்லதான் அடுக்கச் சொல்லியிருக்கேன்."

அடுக்கினார்கள். நூலகத்துக்குள் போகிறவர்கள் எல்லாரும் மெத்தை மலையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பார்வை மெத்தையையும், ஒரு பார்வை குணாளனையும் பார்த்தது. துக்க வீட்டு வாசலில் செருப்புக் கழற்றுகிற மாதிரி மெதுவாக உள்ளே வந்தார்கள்.

குணாளன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். தாவரவியல் புத்தகம் ஒன்றை, செடிகளுக்குச் செவிப்புலன் உறுப்பு இல்லை என்ற பக்கத்தில் விரித்து, அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டு, நுழைவாயில் மேசையில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது புத்தகத்தைக் காணோம். அவருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. யாரோ படிக்க எடுத்துவிட்டார்கள்!

மாலையில் கண்டுபிடித்தார். அது கடைசி அலமாரியில், கீழ்த்தட்டில், மலாய்ச் சமையல் புத்தகங்களுக்குப் பின்னால், முதுகு தெரியாமல் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மஞ்சள் கோட்டின் மேல் யாரோ ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தார்கள்.

குணாளன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உண்மையைக் கண்ணில் காட்டினாலும் மூடி வைக்கிற பிள்ளைகள்! இத்தனை வருடம் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தோம்?

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் தோட்டத்து மண்டபக் கமிட்டித் தலைவர் நல்லுசாமி வந்தார். சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, அனுமதி கேட்காமலே குணாளன் நெற்றியில் பூசினார்.

"ஒண்ணும் யோசிக்காதீங்க சார். தோட்டமே உங்க பக்கம் நிக்குது. ஞாயித்துக்கிழம மண்டபத்துல உங்களுக்குப் பொன்னாட போத்துறோம்."

"எனக்கா? எதுக்கு?"

"கைதட்டுற முறையக் கொண்டாந்ததுக்கு. பிள்ளைங்க ஆசப்படுது லா. மேடத்தையும் கூப்பிட்டாச்சு. மனசத் தளர விடாதீங்க."

"வேணாம் தலைவரே. கேளுங்க, இந்த முறை வந்து..."

"பெரிய மனுசங்க இப்படித்தான், மரியாத வேணாம்பாங்க," என்று நல்லுசாமி அவர் தோளைத் தட்டினார். வாசலில் மெத்தைகளைத் தாண்டும்போது, "பாவம்," என்று அவர் முணுமுணுத்தது குணாளன் காதில் விழுந்தது. மெத்தைகளைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பக்கம் தோட்டத்து ஆட்கள், வாசலருகே வடைத் தட்டோடு நவமணி. குணாளன் மேடையில், முள்ளின் மேல் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். தவணையும் அன்றோடு முடிகிறது.

சசிரேகா மைக்கைப் பிடித்தார். அந்த அம்மாள் கறார் பேர்வழிதான், ஆனால் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தார்.

"ஒரே ஒரு கேள்வி. கைதட்டினா கொழுந்து வருமா? வராதுன்னு நெனக்கிறவங்க யாராச்சும் இருந்தா, கையத் தூக்குங்க."

பிள்ளைகள் எல்லாரும் குணாளனைப் பார்த்தார்கள். குணாளன் கண்ணாலேயே கெஞ்சினார். 'தூக்குங்களேன். ஒருத்தராவது.' அந்தக் கெஞ்சலைப் பார்த்ததும் தனேஷ் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். தனுஜா உதட்டைக் கடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். தனலெட்சுமி பளிச்சென்று சொன்னார்: "வரும் மேடம்! நல்லா வருது!"

"டப் டப் டப்" என்று தோட்டத்து ஆட்கள் ஆமோதித்தார்கள்.

சசிரேகா குணாளன் பக்கம் திரும்பி, மைக்கை மூடிக்கொண்டு, "சாரி, மிஸ்டர் குணா. புதன்கிழம மெத்தைய உள்ள எடுத்துடலாம்," என்றார்.

நல்லுசாமி பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு வந்தார். தங்கச் சரிகை வெளிச்சத்தில் மினுங்கியது. அதைப் பார்த்ததும் குணாளனுக்கு உள்ளே என்னவோ அறுந்தது. வகுப்பும் போய்விட்டது, ஒரு பொய்க்குச் சால்வை வேறா? எழுந்து மைக்கை வாங்கினார்.

"போத்தாதீங்க தலைவரே. இது பொய். சுத்தப் பொய். நான்தான் கட்டிவிட்டேன். எனக்கு அண்ணனே கெடையாது, அந்தப் படத்துல இருக்கிறதும் நான்தான். செடிக்குக் காதும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஸ்ட்ராபெரி டப்பாவக் கவுத்துப் பாத்து வாங்குற பிள்ளைங்க, செய்தியையும் அப்படிக் கவுத்துப் பாக்குமான்னு பாக்க ஆசப்பட்டேன். ஒருத்தர்கூடப் பாக்கல. தப்பு உங்க மேல இல்ல. சொல்லிக்குடுத்த என் மேலதான். என்ன மன்னிச்சிருங்க."

நல்லுசாமியின் கையில் பொன்னாடை அந்தரத்தில் நின்றது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனேஷ் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தான். தனுஜா பெருமூச்சு விட்டாள். அவளைத் தொடர்ந்து மண்டபம் முழுவதும் ஒரு பெருமூச்சு, முதுகுச் சுமையை இறக்கி வைத்தது போல எழுந்தது.

வடைத் தட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, சிவந்து கிடந்த தன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே நவமணி சொன்னார்:

"அட ஆண்டவனே, அப்ப சார் நம்பலையா! வகுப்பு போற கவலையில பாவம் சார் எதையோ நம்பிட்டாரு, மனசு நோகக் கூடாதுன்னுதான அன்னிக்குச் சாயங்காலமே பொய்னு கண்டுபிடிச்ச பிள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு, வீடு வீடா வந்து எங்களத் தட்டச் சொன்னுச்சுங்க... நம்ம மாமா கடையில, மாமா முகத்துக்கு நேரா யாராச்சும் டப்பாவக் கவுப்பாங்களா, சார்?"